நீண்ட பாலத்தின் பாதி

பெருநாட்டில் ஆட்சி மாறிய மறுநாள் விடிந்தபோது பாலம் நீண்டுவிட்டிருந்தது. அதை முதலில் அறிந்தவர் பால்காரர் தொபியாஸ். வழக்கமாகப் பாலத்தின் வழியே அக்கரைப் பெருநாட்டுக்குச் சைக்கிளில் போய், கேனை நிறைத்துக்கொண்டு, வெயில் முதுகில் ஏறுவதற்குள் சிப்பித்திடல் தீவுக்குத் திரும்பிவிடுகிற மனிதர், அன்று போனவர் போனவர்தான். சில நாள் கழிந்து ஒரு சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கேனில் இருந்தது பால் இல்லை, தயிர். அதையும் அவர் கொட்டவில்லை; "பால்தான கேட்டீங்க, பாலோட பிள்ளையக் கொண்டாந்திருக்கேன்" என்று வீட்டுக்கு வீடு ஊற்றிவிட்டு, கடைசி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே, "பாலம் நீண்டு போச்சு" என்றார். "எவ்வளவு?" என்று கேட்டார்களே தவிர, "எப்படி?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஏன் கேட்கப் போகிறார்கள்? அக்கரையில் நாற்காலி மாறினால் நடுக்கடலில் பாலம் மாறும் என்பது சிப்பித்திடலில் பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஒரு காலத்தில், அங்கே ஆண்டவர்கள் இந்தத் தீவைத் தம்பி தம்பி என்று அழைத்துக்கொண்டிருந்தபோது, பாலம் சுருங்கிச் சுருங்கி, அக்கரைச் சம்பந்தியை இக்கரையில் நின்றபடியே வாய்க்கு வந்தபடி திட்டலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டதாம். அடுத்து வந்தவர்கள் தம்பியை மறந்துவிட்டார்கள்; அப்போது அக்கரைக்குப் பெண் கேட்டுப் போன மாப்பிள்ளைக்குப் போய்ச் சேர்வதற்குள் நெஞ்சு வரைக்கும் தாடி வளர்ந்து, பெண் வீட்டார் இது வேறு ஆள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இப்போது வந்திருக்கும் புதுப் பிரதமர் வெற்றிக் கூட்டத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "கடுகளவு இடங்களுக்காக இனி நம் நேரத்தை வீணாக்க மாட்டோம்." கைதட்டல் ஓய்வதற்குள் பாலம் நீளத் தொடங்கியிருக்க வேண்டும்.

வெட்டவில்லை, கவனியுங்கள். பெரிய நாடுகள் எதையும் வெட்டுவதில்லை. வெட்டினால் ஏன் வெட்டினாய் என்று உலகம் கேட்கும், நாலு பத்திரிகை எழுதும், எங்கோ ஒரு சபையில் யாரோ எழுந்து நின்று கண்டிப்பார்கள். நீட்டினால் யார் கேட்பார்கள்? பாலம் இருக்கிறது, வா என்றுதானே சொல்கிறோம், நீ நடந்து வராததற்கு நாங்களா பொறுப்பு என்று கையை விரித்துவிடலாம். அதுவும் போதாதென்று, இவ்வளவு நீளமான பாலத்தில் வண்டிகள் ஓடுவது ஆபத்து, பாதுகாப்பைக் கருதி இனி எவரும் நடந்து மட்டுமே போகலாம் என்று ஓர் உத்தரவும் போட்டார்கள். நீட்டியவர்களே நீளத்தைக் காரணம் காட்டினார்கள்.

தீவு அதற்கும் பழகிக்கொண்டது. பழகிக்கொள்வதில் சிப்பித்திடலை மிஞ்ச ஆள் கிடையாது. அக்கரைக்குப் போகிறவர்கள் கட்டுச்சோறும் பாயுமாகப் புறப்பட்டார்கள். பாலத்தின் விளக்குக் கம்பங்களுக்கு வீட்டுப் பெயர்கள் வந்தன, சாய்ந்த கம்பத்துக்குப் பக்கத்தில் படுத்தேன், விளக்கெரியாத குருடன் கம்பத்தைத் தாண்டிச் சாப்பிட்டேன் என்று வழி சொன்னார்கள். போகும்போது சண்டை போட்டுக்கொண்டு போன புருஷன் பெண்சாதி வந்து சேரும்போது சமாதானமாகியிருந்ததால், வீட்டில் தகராறு என்றால் "ஒரு நடை பாலத்துக்குப் போயிட்டு வாங்க" என்று பங்குச் சாமியாரும் பள்ளிவாசல் இமாமும் ஒரே மாதிரி புத்தி சொல்ல ஆரம்பித்தார்கள். எல்லாவற்றுக்கும் பழகியாயிற்று. தண்ணீருக்கு மட்டும் பழக முடியவில்லை.

சிப்பித்திடலில் எங்கே தோண்டினாலும் உப்பு. குடிக்கிற தண்ணீர் அக்கரை ஆற்றிலிருந்து பாலத்தின் விலாவில் பதித்த குழாய் வழியாகத்தான் வரவேண்டும். பாலம் நீண்டால் குழாயும் நீளுமல்லவா? நீண்டது. முன்பு குழாயைத் திறந்தால் குடம் துள்ளும். இப்போது தண்ணீர் நெடுந்தூரம் நடந்து வந்த கிழவனைப் போல வந்தது, வாசலில் நின்று மூச்சு வாங்கியது, இரும்பு வாடையோடு ரெண்டு மடக்கு கொடுத்துவிட்டு ஏங்கி நின்றுவிட்டது. கோடை பிறந்ததும் அந்த ரெண்டு மடக்கும் ஒன்றாகியது.

அப்போதுதான் அக்கரையிலிருந்து மிகவும் அன்பான ஒரு செய்தி வந்தது. சிப்பித்திடல் மக்கள் தண்ணீரில்லாமல் படும் பாட்டைக் கேள்விப்பட்டுப் புதிய அரசு மனம் வருந்துகிறது. அவர்கள் எல்லோரும் தீவைக் காலி செய்துவிட்டு அக்கரைக்கே வந்துவிடலாம், தகரக் கூரை போட்ட வீடுகள் தயார். சம்மதம் வாங்க வெளியுறவுத் துறையிலிருந்து துணைச் செயலாளர் வித்யாதரன் நேரில் வருகிறார். அவரும் உத்தரவுப்படி நடந்தே வருவதால், தீவுக்காரர்கள் சிரமப்பட வேண்டாம், பாலத்தில் நட்டிருக்கும் வழக்கமான பாதிக் கல்லில் நின்று வரவேற்றால் போதும். தண்ணீரை நிறுத்தியவனே தாகத்துக்கு இரங்குகிற இந்த நாடகத்தை என்னவென்று சொல்வது? ஆனால் ஊரில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சம்மதம் என்று சொல்லிக் கைகுலுக்க வேண்டியவள் சலேத்மேரி.

சலேத்மேரி தீவு மன்றத்தின் வெளியுறவு உறுப்பினர். கருவாட்டு ஏலத்தில் அவள் விலை கூறினால் அக்கரைக் கொக்கு பறக்கும் என்பார்கள். அந்தக் குரலுக்காகத்தான் அந்தப் பதவியை அவள் தலையில் கட்டினார்கள், வேறு யாரும் கேட்கவும் இல்லை. தீவு காலியாவதும் காலியாகாததும் இப்போது அவள் கையில் வந்து நின்றது. அவள் வீட்டிலேயே ஓட்டு இரண்டாகப் பிரிந்திருந்தது. அவள் புருஷன் லீனுஸ் துணிமணிகளை மூட்டை கட்டி முடித்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த மாதா சுரூபத்தையும் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"மாதாவ எதுக்குங்க கழத்துறீங்க?"

"அவங்களுக்கும் தாகம் இருக்காதா? ஏட்டி சலேத்து, நான் சொல்றதக் கேளு. அந்த ஆபீசர் வந்தா சரின்னு சொல்லிட்டு வா. அங்க குழாயத் திறந்தா தண்ணி வரும்ல. உப்புத் தண்ணியக் குடிச்சிக்கிட்டு இங்க கிடந்து எதச் சாதிக்கப் போறோம்?"

"அங்க போனா நாம யாருங்க?"

"யாரு? தண்ணி குடிச்ச மனுசங்க."

தாகத்தோடு இருக்கிறவனிடம் எந்த நியாயத்தைப் பேசினாலும் அது நாக்கில் ஒட்டிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். ஏனென்றால் அவள் நாக்கும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

மன்றத்தில் தலைவர் மீராசா எல்லாவற்றையும் முடித்து வைத்திருந்தார். "பாதிக் கல்லு கூப்பிடு தூரம். பந்தல் போட்டுருவோம். ஒரு குடம் தண்ணி எடுத்துக்கிட்டு நீ போய் நின்னாப் போதும், தங்கச்சி."

குடம் தண்ணீர் என்பது சிப்பித்திடலின் பழைய முறை. விருந்தாளி அக்கரையில் புறப்படுகிற அதே விடியலில் அழைக்கிறவரும் இக்கரையில் புறப்பட வேண்டும். பாதி வழியில் எதிர்கொள்ள வேண்டும். அங்கே குடத்தை இறக்கிவைத்து முதல் தண்ணீரைக் கொடுத்துவிட்டால், குடம் இறங்கிய இடம் தீவின் வாசல், அதற்கு இந்தப் பக்கம் வருகிறவர் வீட்டுக்குள் வந்தவர். பாலம் கட்டிய காலத்திலேயே அக்கரைக்காரர்களும் இதை ஏற்றுக்கொண்டு, ஆளுக்குப் பாதி, பாலமும் பாதி, கீழே ஓடும் கடலும் பாதி என்று கைகுலுக்கி, நடுவில் ஒரு கல்லையும் நட்டுவிட்டுப் போனார்கள்.

"கல்லு இருக்கிற இடத்துலதான் இருக்கு, மீராசா காக்கா," என்றாள் சலேத்மேரி. "நீண்டது பூரா அந்தப் பக்கம். அப்ப கல்லு எப்படிப் பாதியாகும்?"

"காலங்காலமா அதானம்மா பாதி?"

"பாலம் நீண்டா பாதியும் நீளணும்ல. கூப்பிடு தூரத்துல நின்னுக்கிட்டு பாதின்னு சொன்னா, நம்ம ஊரு மரியாத என்னத்துக்கு ஆகும்? அவரு அவ்வளவு தூரம் நடந்து வர்றாரு, நாம பந்தல்ல உக்காந்து விசிறிக்கிட்டு இருக்கிறதா?"

மன்றம் சிரித்தது. குடிக்கவே தண்ணியில்ல, இவ தண்ணியத் தூக்கிக்கிட்டு நடுக்கடலுக்குப் போறாளாம் என்று ஒருவர். காலி பண்ணப் போற வீட்டுக்குக் கோலம் எதுக்கு என்று இன்னொருவர். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் சலேத்மேரியிடம் எந்தத் தந்திரமும் இல்லை. வருகிற விருந்தாளியே கல்லைக் காட்டி, இங்கே நில் என்று சொன்னதுதான் அவளுக்கு உறுத்தியது. யார் வீட்டு வாசல் எங்கே என்று வருகிறவனா சொல்வது?

வித்யாதரன் புறப்படுகிற விடியலில் அவளும் புறப்பட்டாள். கூட வந்தவள் செய்யதம்மா, கூடை மீனைத் தலையில் வைத்துக்கொண்டு பேருந்தைத் துரத்திப் பிடிக்கிறவள். லீனுஸ் பாலத்தின் தலைமாட்டில் நின்று, "தண்ணியச் சிந்திராதடி" என்று மட்டும் சொன்னான். அது கோபமா கவலையா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. குடத்தை மாற்றி மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, வாயில் ஒரு புளியங்கொட்டையை அடக்கிக்கொண்டு, இருவரும் நடந்தார்கள். பாதிக் கல்லைத் தாண்டினார்கள், சாய்ந்த கம்பத்தைத் தாண்டினார்கள், குருடன் கம்பத்தைத் தாண்டினார்கள், பெயர் வைக்காத கம்பங்களையும் தாண்டினார்கள். குடத்தில் தண்ணீர் தளும்புகிற சத்தம் கூடவே வந்தது. ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. விருந்தாளிக்கு முன்னால் குடத்தில் வாய் வைத்தால் அது குடமே இல்லை.

"சலேத்தக்கா," என்றாள் செய்யதம்மா, "பாலம் நீண்டா கடலும் நீண்டுருமா?"

சலேத்மேரி அப்போதுதான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். நீண்டிருந்தது. பாலத்தின் அடியில் முன்பு இல்லாத கடல், கரும்பச்சையாக, ஆழமாக, மீன் திரண்டு நிறம் மாறி மாறிக் கிடந்தது. அதில் அக்கரையின் பெரிய விசைப்படகுகள், இதற்காகவே பிறந்தவை போல, வரிசையாக மடிவலை இழுத்துக்கொண்டிருந்தன. சிப்பித்திடலின் சிறு வள்ளங்களோ, வெகு பின்னால் கல்லுக்கு ஊர்ப் பக்கம், முழங்கால் தண்ணீரில் நண்டு பொறுக்கிக்கொண்டிருந்தன. அவள் குடத்தை இறக்காமலே, கல்லிலிருந்து இதுவரை நடந்து வந்த தூரத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஏளா, வேகமா நட" என்றாள்.

மறுநாள் முற்பகலில் எதிரே ஒரு சத்தம் கேட்டது: கடக், கடக், கடக். சக்கரம் வைத்த பெட்டி ஒன்று பாலத்தின் ஒவ்வோர் இணைப்பிலும் விழுந்து எழுந்து வந்தது. பெட்டிக்குப் பின்னால் வித்யாதரன் வந்தார். முகம் சிவந்து, ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, குதிகாலில் கொப்புளத்தோடு. வண்டி வேண்டாம் என்று உத்தரவு எழுதியபோது அந்தக் கால் எங்கே இருந்ததோ. இரண்டு பெண்களையும் குடத்தையும் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார்.

"நீங்க... கல்லுகிட்டதானே..."

"வாங்க ஐயா, வாங்க," என்ற சலேத்மேரி குடத்தை இறக்கிவைத்து, செம்பில் மொண்டு இரண்டு கையாலும் நீட்டினாள். "முதல்ல தண்ணி குடிங்க."

அவர் ஒரு நொடி தயங்கினார். அந்தத் தண்ணீரைக் குடித்தால் என்ன அர்த்தம் என்பது அவருக்குத் தெரியும். படித்தவர், முறைகளை எல்லாம் கேட்டறிந்துவிட்டுத்தான் வந்திருந்தார், அதனால்தான் கல்லில் நிற்கச் சொல்லிச் செய்தியும் அனுப்பினார். கல்லில் குடம் இறங்கியிருந்தால், கல்லுக்கு அந்தப் பக்கம் நீண்டதெல்லாம் பெருநாட்டுக்கு என்று தீவே தன் கையால் ஒப்புக்கொண்டதாகியிருக்கும். ஆனால் தாகம் படித்தவனுக்கும் தாகம்தான். குடித்தார். இன்னொரு செம்பு கேட்டுக் குடித்தார். செய்யதம்மா அவர் தொண்டைக்குழி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு எச்சிலை விழுங்கினாள்.

"உங்க ஊர் இன்னும் எவ்வளவு தூரம்மா?" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு.

"ஊரா? வாசல்ல உக்காந்துகிட்டு ஊர் எங்கன்னு கேக்குறீங்களே."

"இல்லம்மா, இது முறையில்ல. இது பாதியே இல்ல, பாதியத் தாண்டி வந்திருக்கீங்க."

"ஒரே விடியல்ல புறப்பட்டோம், சந்திச்ச இடம் பாதி. நீங்க மெதுவா நடந்தா அது எங்க குத்தமா?"

"அவரு பெட்டிய வேற இழுத்துக்கிட்டு வந்திருக்காருக்கா," என்றாள் செய்யதம்மா, இரக்கத்தோடு. "பெட்டி இல்லாட்டி நமக்குக் கொஞ்சம் கொறஞ்சிருக்கும்."

வித்யாதரன் பெட்டியிலிருந்து சம்மதப் பத்திரத்தை எடுத்தார். தகர வீடுகளைப் பற்றிச் சொன்னார், குழாய்களைப் பற்றிச் சொன்னார், பிள்ளைகளின் எதிர்காலம் என்றார். சலேத்மேரி முழுவதையும் கேட்டாள். ஏலத்தில் எதிராளி தன் கடைசி விலையைச் சொல்லும் வரை வாயைத் திறக்கக் கூடாது. அவர் முடித்ததும், கைப்பிடிச் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கீழே காட்டினாள்.

"அந்தப் படகெல்லாம் யாருதுங்க?"

"எங்களோடது."

"கடல்?"

அவர் கையிலிருந்த பத்திரத்தை மடித்தார்.

"பாலம் பாதி, கடலும் பாதின்னு கைகுலுக்கினது உங்க ஆளுங்கதான. நாங்க நீட்டல ஐயா. நீங்க நீட்டுனீங்க. எங்கள எவ்வளவு தூரத்துல வச்சீங்களோ, அதுல பாதி எங்களுது. இன்னும் நீட்டுங்க, வேண்டாங்கல. இன்னும் கொஞ்சம் கடல் வரும். இந்தப் படகுங்க நாளையிலருந்து எங்ககிட்ட கேட்டுக்கிட்டு வலை போடட்டும்; அந்தக் காசுல உப்புத் தண்ணிய நல்ல தண்ணியாக்குற மிசின வாங்கிக்கிறோம். உங்க குழாயும் வேணாம், தகரமும் வேணாம்."

"அம்மா, நீங்க ஒரு சின்ன..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க, கடுகுதான? கடுகு அளவுல இருந்தப்போ நாங்க உங்களுக்குத் தொந்தரவே குடுக்கலையே. பெருசாக்கினது நீங்கதான்."

அவர் தள்ளிப் போய்த் தலைநகருக்குத் தொலைபேசினார். வெகுநேரம் எடுப்பாரில்லை, எடுத்தபின் வெகுநேரம் நம்புவாரில்லை. திரும்பி வந்து, "மேலிடம் யோசிக்குதாம்" என்றார், தம்முடைய மேலிடத்துக்காகத் தாமே வெட்கப்பட்டவரைப் போல.

"நல்லா யோசிக்கட்டும். நாங்க எங்க வீட்டுலதான இருக்கோம்."

அவர் அக்கரைக்கே திரும்பிப் போன பிறகு அவள் அங்கேயே இருந்தாள். மிச்சத் தண்ணீரில் இருவரும் நாக்கை நனைத்துக்கொண்டார்கள்; செய்யதம்மா கயிற்றில் தூண்டிலைக் கட்டிப் பாலத்திலிருந்து இறக்கினாள்; மேலே வந்த மீனை இருவரும் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. அந்தச் செய்தி எதிர்ப்பட்டவர்கள் வாய் வழியாகத் தீவுக்குப் போய்ச் சேர, சிரித்த மன்றமே அடுப்பும் பாயும் வலையுமாகப் பாலத்தில் ஏறியது; சாமியாரும் இமாமும் ஆளுக்கொரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்கள்; மீராசா தன் பந்தலைப் பிரித்துக்கொண்டு வந்து இங்கே போட்டு, இந்த யோசனை தனக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். உப்புத் தண்ணீரைச் சட்டியில் காய்ச்சி, மூடியில் பூத்த துளிகளைச் சொட்டுச் சொட்டாகப் பிடித்து, முதலில் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வள்ளங்கள் பாலத்தின் நிழலோடு ஒட்டி வந்து விசைப்படகுகளின் நடுவே நின்றன. அடிபிடி எதுவும் இல்லை, நின்றன, அவ்வளவுதான். இப்படி நிற்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாக லீனுஸ் வந்தான். அவளைக் கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து அவள் வாயைத் திறப்பதற்குள், அவன் துண்டைப் பிரித்து மாதா சுரூபத்தை எடுத்து ஒரு விளக்குக் கம்பத்தில் கட்டத் தொடங்கினான்.

"அங்க போனா நாம யாருன்னு கேட்டல்ல," என்றான், முடிச்சைப் போட்டுக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல். "வழி பூரா யோசிச்சுக்கிட்டுத்தான் வந்தேன். எனக்கும் தெரியல."

சலேத்மேரி கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

சில நாட்கள் போயின. உதடு வெடித்தவர்கள் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள், ஆனால் யாரும் இறங்கிப் போகவில்லை. ஒரு மத்தியானம், மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே, பாலம் சுருங்கியது. எந்த அதிர்ச்சியும் இல்லை. அடுப்பில் தீ அணையவில்லை, குழம்பு தளும்பவில்லை. நிமிர்ந்து பார்த்தால் கொடியில் காய்ந்த கருவாடு, பந்தல், மாதா, இமாம், எல்லாரும் பழைய பாதிக் கல்லைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், கூப்பிடு தூரத்தில் அவர்கள் வீட்டுக் கூரைகள் தெரிந்தன. பாலத்தின் விலாவில் குழாய் உறுமியது. பிள்ளைகள்தான் முதலில் ஓடினார்கள்.

பாதி ஊருக்குக் கடல் போன வருத்தம். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா மிசின் வாங்கியிருக்கலாம்," என்று செய்யதம்மா குழாயடியில் நின்று, வாய் நிறையத் தண்ணீரோடு புலம்பினாள். பெருநாட்டின் வானொலியோ, புதிய அரசின் பெருந்தன்மையால் அண்டைத் தீவுடனான உறவு மீண்டும் நெருக்கமாகியிருக்கிறது என்று செய்தி வாசித்தது. அன்பினால் அவர்கள் சுருக்கவில்லை, பாதிக் கடல் போய்விடுமென்ற பயத்தினால் சுருக்கினார்கள். அதைப் பெருந்தன்மை என்று கேட்க நேரும்போது இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சலேத்மேரிக்கு வரவில்லை. பயந்தவன் மரியாதை கொடுத்தால் வாங்கி வை, அன்பு வருகிற அன்றைக்கு வரட்டும் என்பது அவள் கட்சி. ஏலக்காரி இல்லையா.

கோடை முடியும் தருவாயில் வித்யாதரனே தொலைபேசியில் கூப்பிட்டார். பிரதமர் சிப்பித்திடலுக்கு நேரில் வந்து நட்பை உறுதிப்படுத்த விரும்புகிறாராம். எளிமையை விரும்புகிறவர் என்பதால் நடந்தே வருவாராம். தீவுக்காரர்கள் அலைய வேண்டாம், பாதிக் கல்லில் வரவேற்றால் போதுமாம்.

"சந்தோசம், வரச் சொல்லுங்க," என்றாள் சலேத்மேரி. "ஆனா கல்லப் பத்தி இப்பவே ஒண்ணும் சொல்றதுக்கில்ல ஐயா. அவரு எந்த விடியல்ல புறப்படுறாரோ, அதே விடியல்ல நாங்களும் புறப்படுவோம். எங்க பாக்குறோமோ அங்க தண்ணி குடுப்போம்."

அவள் போனை வைத்ததும் கொல்லைப்புறத்திலிருந்து லீனுஸ் எட்டிப் பார்த்தான்.

"அந்த மனுசன் எப்படி," என்றான், "வேகமா நடக்கிற ஆளா?"